ரெண்டு நோட்டுலயும் என் கையெழுத்துதான்

இப்படி இந்த ஓரத்துல உக்காருங்கம்மா. அந்தப் பக்கத்து ஃபேன் சுத்தும், காத்து வராது. நான் ஒம்போதரைக்கே வந்துட்டேன். இந்த வராண்டாவுல எந்த ஃபேன் எப்படி, எந்த பெஞ்சு ஆடும், எல்லாம் இப்ப எனக்கு அத்துபடி. பத்து மணிக்குக் கமிட்டின்னு கடுதாசில போட்டிருந்தாங்க. இப்ப மணி பதினொன்னேகால். உள்ள மூணு பேரு உக்காந்திருக்காங்க, இன்னும் ஒருத்தர் வரணுமாம்.

நீங்களும் கேசு விஷயமாத்தான் வந்தீங்களா? சரி சரி, சொல்ல வேணாம். குழந்தைங்க நலக் கமிட்டிக்கு யாரு சந்தோஷமா வரப்போறா. கொஞ்சம் தலையத் தூக்குங்க. கண்ணு வெளுத்திருக்கே. ரத்தம் கம்மி உங்களுக்கு. கீரை சாப்பிடுங்க, சாப்பிட்டதும் டீ குடிக்காதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, முப்பது வருஷப் பழக்கம். யாரப் பாத்தாலும் மொதல்ல கண்ணுதான் பாப்பேன், அப்புறம்தான் மூஞ்சி.

நான் நர்சு. கிராம நர்சு. ஊத்துப்பாறைன்னு ஒரு ஊரு, மலையடிவாரம், பஸ்ஸு காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. அங்க துணை சுகாதார நிலையம், அதுக்குப் பின்னாலயே குவார்ட்டர்ஸ். பதினேழு வருஷமா அங்கதான். வீட்டுக்காரர் இருந்தாரு, வேலைய விட்டுட்டு அவரு ஊருக்கே வான்னாரு. நான் வரலைன்னேன். அவரும் அப்புறம் வரல. அது பெரிய கதை இல்லீங்க, அவ்வளவுதான் கதை.

அதோ, ஜன்னலோரமா கீழ உக்காந்திருக்கா பாருங்க, பச்ச சுடிதாரு, மடியில கொழந்த. ஐயோ, சட்டுனு திரும்பாதீங்க. அவ பாத்துடுவா. அவதான் மோனிஷா. அவ விஷயமாத்தான் என்னையக் கூப்பிட்டிருக்காங்க. வந்ததுலேர்ந்து ஒரு தடவகூட இந்தப் பக்கம் பாக்கல. நான் இருமிப் பாத்தேன், தண்ணி பாட்டில கீழ போட்டுப் பாத்தேன். ம்ஹூம். வருவா, வருவா. கொழந்தையத் தூங்கவெச்சுட்டு வருவா. அவளுக்குன்னுதான் புளிசாதம் கட்டியாந்திருக்கேன், இந்த டப்பாவுல. என் கைப் புளிசாதம்னா அவளுக்கு உசுரு.

அவளப் பத்திச் சொல்லணும்னா, அவ பொறந்ததுலேர்ந்துதான் சொல்லணும். ஏன்னா அங்க இருந்தது நான்தானே. நான் ஊத்துப்பாறைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல. ஆவணி மாசம், சரியான மழ. ஓடை பொங்கிடுச்சு, வண்டி வரல. பச்சையம்மான்னு ஒரு பொண்ணு, வலியெடுத்து நடந்தே வந்துட்டா. டாக்டர் இல்ல, ஆயா இல்ல. அதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரி வார்டுலதான் வேல, நான் தனியாப் பாத்த மொதப் பிரசவம் அது. ரெண்டு கிலோ நானூறு, பொம்பளப் புள்ள. தொப்புள்கொடிய நான்தான் வெட்டினேன். எல்லாத்தையும் நோட்டுல எழுதி, தேதி, நேரம், எடை, கீழ ஜெயக்கொடின்னு என் கையெழுத்து. பொறப்புச் சான்று வாங்குங்கன்னு அவங்கப்பன்கிட்ட பத்து தடவ சொல்லியிருப்பேன். அவன் எங்க வாங்கினான், செங்கல் சூளையில கெடந்தான்.

பச்சையம்மா அந்தப் புள்ளைக்கு ஆறு வயசு இருக்கையில செத்துட்டா. காமாலை. அப்பன் வெளி மாநிலத்துச் சூளைக்குப் போயிட்டு தீபாவளிக்கு வருவான். புள்ள சித்தப்பன் வீட்டுல வளந்துச்சு. பள்ளிக்கூடத்துல ஊசி போடப் போவேன்ல, எல்லாம் கையக் கட்டிக்கிட்டு அழும். இது மட்டும் சட்டக் கைய மடிச்சுவிட்டுட்டு வந்து நிக்கும். "வலிச்சா சொல்றேன் நர்சம்மா, நீங்க போடுங்க"ன்னும். கணக்குல நூத்துக்கு நூறு வாங்கும்னு டீச்சருங்க சொல்வாங்க.

பத்தாவது பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கையில அவங்கப்பன் வந்தான். வந்த கையோட கல்யாணம். மாப்பிள்ள திருப்பதின்னு டிப்பர் லாரி ஓட்டுறவன், சொந்தந்தான். மாமியா மாதம்மா. கோயில்ல வெச்சு விடியக்காலையில முடிச்சுட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. பத்திரிக்க வெக்கல, ஆனா ஒரு தட்டுல தேங்கா பழம் குடுத்துவிட்டாங்க. வாங்கி வெச்சேன். திருப்பி அனுப்புனா மரியாதையா? அந்த ஊர்லதானே நானும் குடியிருக்கணும்.

அப்புறம் மே மாசம், கத்திரி வெயில்ல, மாதம்மா அவளக் கூட்டிக்கிட்டு வர்றா. நாலு மாசம். நான் தாய்-சேய் புத்தகத்த எடுத்து எழுத ஆரம்பிச்சேன். பேரு, புருஷன் பேரு, ஊரு. வயசுன்னேன். மாதம்மா "பத்தொம்போது"ன்னா.

நான் பேனாவக் கீழ வெச்சேன். "மாதம்மா, இவளுக்குத் தொப்புள்கொடி வெட்டினவளே நான்தான்"ன்னேன்.

"தெரியும் நர்சம்மா"ன்னா. "அதனாலதான் உங்ககிட்ட கூட்டியாந்தேன். வேற எங்க போனாலும் கேள்வி கேப்பாங்க."

உங்களுக்குச் சட்டம் தெரியுமோ என்னமோ. பதினெட்டு ஆவாத பொண்ணு முழுகாம இருந்தா நாங்க போலீசுக்குச் சொல்லணும். சொல்லித்தான் ஆவணும். சொன்னா என்ன ஆவும்? நான் சொல்றேன் கேளுங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்துக் குக்கிராமத்துல ஒரு பொண்ணு, பதினாறு வயசு, நான் நேர்மையா எழுதி அனுப்புனேன். ஜீப்பு வர்றதுக்குள்ள ராவோட ராவா அவளக் கூட்டிக்கிட்டு எங்கயோ கட்டட வேலைக்குப் போயிட்டாங்க. தகரக் கொட்டாயில பிரசவம். பொண்ணும் இல்ல, புள்ளயும் இல்ல. என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல. நீங்க கரெக்டா எழுதியிருக்கீங்கன்னுதான் சொன்னாங்க.

அதுக்கப்புறம் எவ எழுதுவா, நீங்களே சொல்லுங்க. பத்தொம்போதுன்னு எழுதினா கர்ப்பிணிப் பதிவு நம்பர் விழுவும். நம்பர் விழுந்தா ஸ்கேன், ஊசி, சத்து மாத்திர, ஆஸ்பத்திரி, எல்லாம் நடக்கும். புள்ள என் கண்ணு முன்னாடி இருக்கும். பத்தொம்போதுன்னு எழுதினேன். கீழ கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொண்ணுக்காகத்தான் எழுதினேன்.

எங்க ஏரியாவுல ரெண்டு வருஷமா பதினெட்டுக்குக் கீழ கர்ப்பமே இல்லன்னு மாசாந்திர மீட்டிங்ல எனக்குக் கை தட்டினாங்க, ஒரு சால்வகூடப் போட்டாங்க. அதுக்காக எழுதலீங்க. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

மோனிஷாவா? அவ என்ன சொன்னா? நான் எழுதுறதையே பாத்துக்கிட்டு இருந்தா. நல்லாப் படிக்கிற புள்ள, தலகீழா இருந்தாலும் எழுத்து கூட்டிடுவா.

ஆனா ஒண்ணு சொல்றேன், எழுதிட்டேனே தவிர நான் விட்டுடல. சின்ன வயசுன்னா அந்தப் புத்தகத்து அட்டையில செவப்பு முத்திர குத்தணும். ஆபத்தான கேசுன்னு அர்த்தம். அதப் பாத்தா எந்த ஆஸ்பத்திரியிலயும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. வயசு பத்தொம்போதுன்னு ஆனப்புறம் முத்திர எப்படிக் குத்துறது? அதனால முத்திரைக்குப் பதிலா நானே இருந்துட்டேன். தெனம் சாயந்திரம் வரச் சொல்லிடுவேன். பிரஷர் பாப்பேன், கால் வீங்கியிருக்கான்னு அமுக்கிப் பாப்பேன், மாத்திரைய என் முன்னாடியே முழுங்க வெப்பேன். வீட்டுக்குக் குடுத்தா மாதம்மா எருமைக்குப் போட்டுடுவா, அப்படி ஒரு பொம்பள.

அந்த அஞ்சு மாசம். எப்படிச் சொல்றது. அதுவரைக்கும் சாயந்திரம் ஆறு மணின்னா எனக்குப் புடிக்காது. கடைசி பஸ் போயிடும், கதவச் சாத்தினா டிவிய விட்டா வேற சத்தம் கெடையாது. அவ வர ஆரம்பிச்சதும் டிவியப் போடுறதே இல்ல. பழைய ரிப்போர்ட் தாளுங்க கட்டு கட்டாக் கெடக்கும், அதோட பின்பக்கம் கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பா. என்னடீ இது, வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு இன்னும் கணக்கான்னு கேலி பண்ணுவேன். சிரிப்பா. புளிசாதம் ரெண்டு தட்டு தின்னுவா. எனக்கு ஒருத்தி இருந்திருந்தான்னு... சரி, அத விடுங்க.

ஒரு நாள் நல்ல தமாஷு. ஜூன் மாசம், பள்ளிக்கூடம் தொறந்த வாரம். எடை பாக்கிற மிஷின் மேல நிக்கிறா. ஜன்னல் வழியா யூனிபாரம் போட்ட புள்ளைங்க போகுதுங்க. முள்ளப் பாக்காம அதுங்களயே பாத்துக்கிட்டு, "நர்சம்மா, அன்னைக்கு நீங்க என் நெஜ வயச எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?"ன்னா.

"போலீசு வரும், உன்னைய இழுத்துட்டுப் போயி ஹோம்ல போடும்"னேன்.

"ஹோம்னா?"

"பொண்ணுங்கள அடைச்சு வெக்கிற எடம்."

ஜன்னல்லேர்ந்து என் பக்கம் திரும்பினா. அப்புறம் கேக்குறா, "அங்க படிக்க விடுவாங்களா?"

பாவம், அப்படிப் பயந்துட்டா. மொகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் மிஷின்லேர்ந்து எறக்கிவிட்டு, தலையத் தடவி, "நீ எதுக்குக் கண்ணு பயப்படுறே, நான்தான் பத்தொம்போதுன்னு எழுதிட்டேனே, உன்னைய எவனும் எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது"ன்னேன். தைரியம் சொல்றதுதானே நம்ம வேல. அப்பவும் பயம் தெளியல அவளுக்கு. அன்னைக்குப் புளிசாதம் வேணாம்னுட்டா.

அப்புறம் அக்டோபர். எனக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங் போட்டுட்டாங்க, இந்த டவுன்லதான். ஒம்போது மாசம் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு, ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்னு வந்துட்டேன். ரெண்டாவது நாள் காலைல அவளுக்குத் தலவலி, கண்ணு மசங்குதுன்னிருக்கா. மாதம்மா வண்டிய வரவெச்சு பக்கத்து ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல சேத்துட்டா. அங்க இருந்தது புது நர்சுப் பொண்ணு, வேலைக்கு வந்து நாலு மாசம். புத்தகத்தப் பாத்திருக்கா. வயசு பத்தொம்போது, செவப்பு முத்திர இல்ல. சரி, சாதாரணக் கேசு, இங்கயே பாத்துக்கலாம்னு படுக்க வெச்சுட்டா.

அந்தப் பொண்ண நான் குத்தம் சொல்லல. புத்தகத்துல என்ன இருக்கோ அதத்தானே பாப்பாங்க. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்.

மத்தியானம் மோனிஷாவுக்கு வலிப்பு வந்துடுச்சு. ரெண்டு தடவ. நாக்கக் கடிச்சுக்கிட்டா. அப்புறம்தான் அலறிப்புடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. வயித்தக் கிழிச்சுக் கொழந்தைய எடுத்தாங்க. பொம்பளப் புள்ள, ஒண்ணு தொள்ளாயிரம். நான் ட்ரெயினிங்ல பாதியில எழுந்து ஓடினேன், செருப்பு எங்க விட்டேன்னு இன்னிக்கும் தெரியாது. அங்க ஒரு பெரிய டாக்டரம்மா என்னைய நிக்கவெச்சு, "இந்தப் பொண்ணுக்கு நெஜமா எத்தன வயசு?"ன்னு கேட்டாங்க. புத்தகத்துல இருக்கே மேடம்னேன். அவங்க என்னையே பாத்துட்டு, கேஸ் ஷீட்ட மூடிட்டுப் போயிட்டாங்க. அவங்க திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மூணாவது நாள் மோனிஷா கண்ண முழிச்சா. நான்தான் பக்கத்துல. நாக்கு வீங்கி பேச்சு கொழறுது. என்னையப் பாத்து, "நர்சம்மா, இப்ப எனக்கு எத்தன வயசு?"ன்னா.

மருந்து மயக்கம். வலிப்புக்குப் போடுற மருந்து அப்படித்தான் புத்திய மந்தமாக்கிடும். "நீ தூங்கு கண்ணு"ன்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டா.

அதுக்கப்புறம் சாயந்திரம் வர்றது நின்னுபோச்சு. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு எப்படி வருவான்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஊசி போடுற நாள்ல மட்டும் வருவா. வருவா, கொழந்தையக் காட்டுவா, போவா. நான் ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டா. போட்டுப் பாத்ததில்ல.

மார்ச் மாசம் ஒரு நாள் தனியா வந்தா. கொழந்தைக்கு அஞ்சு மாசம். மெதுவா கேட்டா. "நர்சம்மா, எனக்கு இப்ப இன்னொன்னு வேணாம். மாத்திரயோ ஊசியோ ஏதாவது குடுங்க. வீட்டுல ஆம்பளப் புள்ள வேணும்னு அரிச்செடுக்குறாங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க. குடுத்தேன். வயித்தக் கிழிச்ச பொண்ணு, மூணு வருஷம் இடைவெளி விட்டே ஆவணும், எனக்குத் தெரியாதா? ஆனா மாமியாளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வெக்கிறது மரியாதை இல்லையா? ஊர்ல நாளப்பின்ன நமக்குத் தெரியாம நர்சு இப்படிப் பண்ணிட்டான்னு பேச்சு வரக்கூடாது பாருங்க. அதனால அன்னைக்குக் கொழாயடியில மாதம்மாவப் பாத்து பக்குவமா எடுத்துச் சொன்னேன். அவ தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டா. புரிஞ்சுக்கிட்டான்னுதான் நெனச்சேன்.

அடுத்த புதன்கெழம மோனிஷா கன்னம் வீங்கி வந்தா. என்ன ஆச்சுன்னேன். கதவு இடிச்சுதுன்னா. ஐஸ் வெச்சேன், மருந்து தடவினேன். கெளம்புறப்ப, "உங்க போனக் குடுங்க நர்சம்மா, அப்பாகிட்ட பேசணும்"னா. பாவம், அப்பன் ஞாபகம் வந்திருச்சு போலன்னு குடுத்தேன். வேப்பமரத்துக்குப் பின்னால போயி நின்னு பேசினா. ஏழு நிமிஷம். திரும்பி வந்து போனக் கையில குடுத்து, "தேங்க்ஸ்"னா. அத்தன வருஷத்துல அவ எனக்குத் தேங்க்ஸ் சொன்னதே கெடையாது. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

சாயந்திரம் ஜீப்பு வந்துச்சு. ரெண்டு பொம்பளைங்க, ஒரு போலீசம்மா. கொழந்தையும் அவளும் ஒரு பையத் தூக்கிக்கிட்டு ஏறினாங்க. ஊரே கூடி நின்னுச்சு. ஜீப்பு எங்க குவார்ட்டர்ஸத் தாண்டித்தான் போகணும். நான் வாசல்ல நின்னேன். அவ நேரா முன்னாடியே பாத்துக்கிட்டுப் போனா. அப்புறம் போன எடுத்துப் பாக்குறேன். பத்து ஒம்போது எட்டு. குழந்தைங்க உதவிக்குன்னு ஒரு நம்பர் இருக்குல்ல, அது. அந்த நம்பர எங்க சென்டர் சுவத்துல ஒட்டினதே நான்தான்.

என் போன்லேர்ந்து. அதத்தான் என்னால தாங்க முடியல. என் போன வாங்கி, என் மரத்தடியில நின்னு, வேற யாருக்கோ சொல்லியிருக்கா. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்த, நர்சம்மா எனக்கு இங்க இருக்க முடியல, எனக்குப் படிக்கணும்னு ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? பொறந்ததுலேர்ந்து பாக்குறேன், என்கிட்ட கேக்கலையே அவ.

தண்ணி குடிக்கிறீங்களா? கொதிக்க வெச்ச தண்ணிதான்.

இன்னிக்கு விஷயம் இதுதாங்க. மாதம்மா ஒரு வக்கீல வெச்சிருக்கா. அதோ, உள்ள போயிட்டு வந்தாரே கறுப்புக் கோட்டு, அவருதான். இந்தப் பொண்ணு கல்யாணத்தப்பவே மேஜரு, புருஷன் வீட்டுக்கே அனுப்புங்க, இல்லன்னா கொழந்தையக் குடுங்கங்கிறாரு. பள்ளிக்கூடத்து வயசக் காட்டினா அத ஒத்துக்க மாட்டேங்கிறாரு. அதுவும் ஒரு வகையில சரிதான், எங்க ஊரு பள்ளிக்கூடத்துல எந்தப் புள்ளயக் கேட்டாலும் ஜூன் மாசம்தான் பொறந்திருக்கும், வாத்தியாரே ஒரு தேதியப் போட்டுச் சேத்துக்குவாரு. அது குத்துமதிப்பு, இது அரசாங்க நர்சு நேர்ல பாத்து எழுதினதுன்னு தாய்-சேய் புத்தகத்தத் தூக்கிக் காட்டுறாரு. என் கையெழுத்த.

போன ஞாயித்துக்கெழம மாதம்மா வீட்டுக்கு வந்தா. அவரக்கா கொண்டாந்தா. "நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம் நர்சம்மா, எழுதினத எழுதினேன்னு மட்டும் சொல்லுங்க, உங்களுக்கும் நல்லது"ன்னா. எனக்கும் நல்லதுதான். ரிட்டையர் ஆக இன்னும் பதினாலு மாசம். பொய்யா எழுதினேன்னு ஒத்துக்கிட்டா மெமோ, சஸ்பெண்டு, போலீசுக்குச் சொல்லாததுக்குத் தனிக் கேசு. குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். நான் எங்க போவேன், அந்த ஊர விட்டா எனக்கு எந்த ஊரும் தெரியாது.

கடுதாசில கர்ப்பிணிங்க பதிவேட்ட மட்டும்தான் கொண்டாரச் சொன்னாங்க. இந்தா, பைக்குள்ள இருக்கு. ஆனா அதுக்கு அடியில இன்னொன்னும் இருக்கு. பாருங்க, அட்டையெல்லாம் கரையான் தின்னுருக்கு. பதினேழு வருஷத்துக்கு முந்தின பிரசவ நோட்டு. இதெல்லாம் எப்பவோ ஒப்படைச்சு எரிச்சிருக்கணும். மொதப் பக்கம் மொதப் பேரு அவளுதுன்னு டிரங்குப் பெட்டியிலயே வெச்சிருந்தேன். பச்சையம்மா, பொம்பளப் புள்ள, ரெண்டு நானூறு, தேதி. இதுலயும் ஜெயக்கொடிதான். அவ என்னைக்குப் பொறந்தான்னு எழுத்துல இருக்குறது இது ஒண்ணுதான். இது என்கிட்ட இருக்குறது யாருக்கும் தெரியாது. காலைல கெளம்புறப்ப ஏன் எடுத்துப் போட்டேன்னு எனக்கே தெரியல. மூணு தடவ வெளிய எடுத்து வெச்சேன், மூணு தடவ உள்ள போட்டேன்.

அவ ஒரு தடவ வந்து பேசினா எனக்குத் தெளிஞ்சிடும். நர்சம்மா எனக்காகச் சொல்லுங்கன்னு வாயத் தொறந்து கேக்கட்டும். உள்ள அந்த மேசையில போட்டு ஒடச்சிடுறேன் எல்லாத்தையும். கேக்க மாட்டேங்கிறாளே.

இருங்க, இருங்க. எந்திரிக்கிறா. கொழந்தையத் தோள்ல போட்டுட்டா. நான் சொன்னேன்ல? இங்கதான் வர்றா. பாருங்க, நேரா இங்கதான் வர்றா. இந்தப் பையக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்துங்க, உக்காரட்டும்.

வா கண்ணு. வா. சாப்டியா? இங்க பாரு, உனக்குப் புடிச்ச...

...

உங்ககிட்டயா குடுத்துட்டுப் போறா? கொழந்தைய?

ஓ. நீங்க அந்த ஹோமா? நீங்கதான் அவளக் கூட்டியாந்தீங்களா? அக்கான்னுதானே கூப்பிட்டா உங்கள. கொஞ்சம் வெச்சுக்கோங்கக்கா, மூஞ்சி கழுவிட்டு வர்றேன்னு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒரு தூணு உக்காந்திருந்தாக்கூட ஒரு பார்வ பாப்பாங்க.

ஒரு மணி நேரமா பேசுறேன். நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. இல்ல, உங்களச் சொல்லி என்ன. நீங்க சொல்ல வாயெடுத்தப்ப நான்தான் சொல்ல வேணாம்னேன். நான் எங்க யாரப் பேச விட்டேன்.

முதுகப் புடிச்சுத் தூக்குங்க, ஆமா, அப்படித்தான். நல்லா எடை ஏறியிருக்கு. ஏழு கிலோ இருக்குமா? இந்த ஸ்வெட்டரு... இது நான் பின்னினது இல்ல. சரி. ஆடி வெக்கையில எதுக்கு ஸ்வெட்டருன்னு நானே சொல்லணும். பேரு என்ன வெச்சா? ஊர்ல எங்ககிட்டல்லாம் பாப்பான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. பச்சையம்மாவா? அவங்கம்மா பேரா.

ஒண்ணு கேக்கணும். உங்களத்தான் கேக்கணும், நீங்கதானே அங்க இருக்கீங்க. அங்க படிக்க விடுவீங்களா?

என்னது? பத்தாவது பரீட்சைய எழுதிட்டாளா? போன வாரமா? அஞ்சு பேப்பருமா?

கொழந்தைய யாரு வெச்சிருந்தா? நீங்களா. பரீட்சை ஹாலுக்கு வெளியில. பால் குடுக்குறதுக்கு நடுவுல விட்டாங்களா? விட்டாங்க.

அவ பயந்துதான் கேக்குறான்னு நெனச்சேங்க. அந்த மிஷின் மேல நின்னுக்கிட்டு. அங்க படிக்க விடுவாங்களான்னு அவ கேட்டப்ப நான் அவ தலையத் தடவினேன். அவ பயப்படல. அவ என்கிட்ட கேட்டிருக்கா. ஒரு வார்த்தகூட என்கிட்ட கேக்கலன்னு இவ்வளவு நேரம் உங்ககிட்ட மூக்கால அழுதேனே, கேட்டிருக்கா. ஆஸ்பத்திரியிலயும் கேட்டா. அப்பவும் நான் தூங்குன்னுட்டேன்.

கூப்பிடுறாங்க. என்னையத்தான், ஜெயக்கொடின்னு. இருக்கேன்ங்க, வர்றேன்.

இந்தப் பையப் புடிங்க. இல்ல, வேணாம், நோட்ட நானே எடுத்துக்கிறேன். ரெண்டையும். இது மேல இருக்கட்டும், கரையான் தின்னது. மொதல்ல இதத்தான் தொறக்கணும், இல்லன்னா உள்ள போனதும் எனக்குத் தைரியம் போயிடும். என்னைய எனக்குத் தெரியும்.

அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நான் வெளியில வர்றப்ப நீங்க கெளம்பியிருந்தாலும் கெளம்பியிருப்பீங்க. இந்த டப்பா இங்கயே இருக்கட்டும். புளிசாதம், கெட்டுப்போகாது, சாயந்திரம் வரைக்கும் தாங்கும். அவ திங்கலன்னா நீங்க சாப்பிடுங்க, உங்களுக்கு ரத்தம் கம்மி.

டப்பா மட்டும் எனக்குத் திரும்ப வேணும். அவ கையால குடுக்கச் சொல்லுங்க. இன்னிக்கே வேணும்னு இல்ல. அடுத்த வருஷமோ, அதுக்கடுத்த வருஷமோ, எப்ப முடியுதோ அப்ப. வெறும் டப்பாவா இருந்தாலும் பரவாயில்ல.